ஆணியில் தொங்கும் கட்டை

மார்ச் 4

சட்டை தைக்கும் கம்பெனியில் எங்கள் லைனில் நாற்பத்திரண்டு பெண்கள். கழிப்பறைக்குப் போகக் கட்டை ஒன்றே ஒன்று. உள்ளங்கை அளவு மரத்துண்டு, சூப்பர்வைசர் மேசைக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். எடுத்துக்கொண்டு போனவள் திரும்பி வந்து மாட்டும்வரை அடுத்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு தைக்க வேண்டும். இன்று பொத்தான் தைப்பவள் – ஆறு மாதக் கர்ப்பிணி – அடக்க முடியாமல் நாற்காலியிலேயே போய்விட்டாள். தைத்த சட்டைகளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு அழுதாள்.

சூப்பர்வைசர் என் நாத்தனார், இவருடைய அக்கா. எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்தவரும் அவர்தான். "ஆளாளுக்கு எழுந்து போனா லைன் நின்னுடாதா?" என்றார்.

"நிக்கட்டுமே!" என்றாள் பக்கத்து மிஷின்காரி. மிஷின் இரைச்சலுக்காக நான் காதில் பஞ்சு வைத்திருந்தும் அவள் குரல் கேட்டது. வாயாடி என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்?

நான் குனிந்து தைத்துக்கொண்டிருந்தேன். ஏன் குனிந்தேன்?

மார்ச் 5

வீட்டில் உட்கார்ந்தாலும் வலது கால் தானாக ஆடுகிறது. "மிஷினையும் கையோட கூட்டிட்டு வந்துட்டியா?" என்கிறார் இவர்.

மார்ச் 8

பஸ்ஸில் வாயாடி சொன்னாள். திங்கட்கிழமை சரியாகப் பத்து மணிக்கு எல்லா மிஷினும் நிற்க வேண்டும். எழுந்து கைகட்டி நிற்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கட்டையை ஒழிக்கும்வரை தைக்கப் போவதில்லை.

"உன் நாத்தனார்கிட்ட உளறிட மாட்டியே?"

சுருக்கென்றது. செத்தாலும் சொல்ல மாட்டேன் என்றேன். நாளைக்கு நாத்தனார் சாப்பிட வருகிறார். வாயில் சோற்றை அடைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

மார்ச் 10

எப்படி எழுதுவேன் இதை.

ஒன்பதேமுக்கால் வரை கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாத்தனார் என்னைப் பார்ப்பது போலிருந்தது. சந்தேகம் வந்துவிடுமோ என்று பயந்து, இனி நிமிரக் கூடாது, பக்கத்து மிஷின் நின்றால் தெரியாமலா போகும் என்று குனிந்துகொண்டேன். சட்டைக் கை தைக்கிற வேலை. வளைவில் கண் பிசகினால் கோணிக்கொள்ளும். காதில் பஞ்சு. கால் அது பாட்டுக்கு மிதித்தது.

நிமிர்ந்தபோது நாற்பத்தொரு பேரும் கைகட்டி நிற்கிறார்கள். அத்தனை பெரிய கூடத்தில் என் மிஷின் மட்டும் ஓடுகிறது. நாலு கை தைத்து முடித்திருக்கிறேன், பாவி.

"பாத்தீங்களாடி, வேலைக்காரின்னா இவதான்!" – நாத்தனார் கைதட்டினார்.

பதறி எழுந்தேன். அதற்குள் பின்வரிசையில் இரண்டு பேர், திட்டம் கைவிடப்பட்டது என்று நினைத்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களைப் பார்த்து நாலு பேர். பிறகு எல்லோரும். கடைசியாக வாயாடி உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை அவள். வாயாடி பேசவில்லை!

மார்ச் 11

"காதுல பஞ்சு இருந்ததுடி" என்று சொல்லிப் பார்த்தேன்.

"காதுல பஞ்சு. கண்ணுல என்ன வச்சிருந்த?" என்றாள் வாயாடி.

தனியாகச் சாப்பிட்டேன். பொத்தான் தைப்பவள்கூட டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்விட்டாள்.

மார்ச் 13

மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு தாள். வாயாடி, பொத்தான் தைப்பவள், பின்வரிசையில் ஒருத்தி – இந்த மூன்று பேரும் மிஷினை நிறுத்தச் சொல்லி என்னை மிரட்டினார்களாம். நான் கையெழுத்துப் போட்டால் மூவருக்கும் வேலை போகும். எனக்கு நாத்தனாருக்கு அடுத்த பதவி. தாளைக் கையில் கொடுத்து, திங்கட்கிழமை மதியம் வரை யோசிக்கலாம் என்றார், பெரிய மனசு பண்ணி.

சாயங்காலம் நாத்தனார் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"போட்டுடு. இல்லேன்னா என் தலைதான் உருளும்."

"அண்ணி, அது பொய்யி."

"எனக்கு மட்டும் தெரியாதா? நானும் அந்தக் கட்டைய எடுத்துட்டுதான் போகணும், தெரியுமா உனக்கு? நடு லைன்ல எல்லார் எதிர்லயும் அத எடுக்க வெக்கப்பட்டுக்கிட்டு, நான் காலையில தண்ணியே குடிக்கறதில்ல."

எட்டு வருஷமாக அந்த மேசை எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். அதில் ஒரு தண்ணீர் பாட்டிலை நான் பார்த்ததேயில்லை. இப்போதுதான் உறைக்கிறது. கோபமும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. எதை வைத்துக்கொள்வது?

மார்ச் 15

"அக்கா சொல்றா இல்ல" என்கிறார் இவர். இதோடு பதினொன்றாவது முறை.

மார்ச் 17

காலையில் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போனேன். வேண்டுமென்றேதான். காதில் பஞ்சு வைக்கவில்லை. இவ்வளவு சத்தத்திலா இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன்?

பத்து மணிக்குப் பெடலிலிருந்து காலை எடுத்தேன். எழுந்து போய்க் கட்டையை ஆணியிலிருந்து கழற்றி, நாத்தனார் மேசைமேல் அந்தத் தாளோடு சேர்த்து வைத்தேன். கையெழுத்தில்லாத தாள்.

"அண்ணி, எனக்குப் போகணும். கட்டை வேணாம்."

நடந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு மிஷின் நின்றது. நிற்கும்போது கீச்சென்று கத்துவது வாயாடியுடையதுதான். அடுத்து ஒன்று. பிறகு மூன்று நான்கு சேர்ந்து. அன்று கேட்காமல் விட்டதை இன்று ஒன்று விடாமல் கேட்டேன். நடந்துகொண்டே அழுதேன்.

நாற்பத்திரண்டு பேரும் கழிப்பறைக்குள். ஆறு கதவு. மூச்சு முட்டுகிற நெரிசல். மேனேஜர் வாசலில் நின்று கத்துகிறார். உள்ளே வரவும் முடியாது, விட்டுவிட்டுப் போகவும் முடியாது. "உள்ள வாங்க சார், கட்டை இருக்குதா?" என்றாள் வாயாடி. சிரிப்பில் பொத்தான் தைப்பவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கட்டையை எடு, தாளைக் கிழி – இரண்டே பேச்சுதான்.

முக்கால் மணி நேரம் கழித்து எங்களை வெளியே இழுத்துவர நாத்தனாரை அனுப்பினார்கள். வந்தார். எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். கடைசியாக என்னை.

"தள்ளுங்கடி" என்றார். "எனக்கும் போகணும்."

ஆறில் ஒன்றுக்குள் நுழைந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் மேனேஜர் குரல் இறங்கிவிட்டது.

மார்ச் 18

தாள் கிழிந்தது, மூவருக்கும் வேலை இருக்கிறது. ஆனால் எனக்கும் நாத்தனாருக்கும் எச்சரிக்கைக் கடிதம். இரண்டிலும் ஒரே வாசகம். இவர் இரண்டையும் வாங்கிப் படித்துவிட்டு, சேர்த்து மடித்து அலமாரியில் வைத்தார்.

மார்ச் 24

ஆணி வெறுமனே இருக்கிறது. வாயாடி அதில் தன் பையை மாட்டியிருக்கிறாள்.

நாத்தனார் மேசையில் ஒரு தண்ணீர் பாட்டில். பதினொரு மணிக்குப் பார்த்தேன், பாதி காலி.