ஆபீஸ் சாமான்கள் போன இடம்

மட்டாஞ்சேரி
11.3.2007

அன்பு மகன் அனூப்புக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஷார்ஜாவில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன், இங்கே எல்லோரும் சுகம் என்று பழக்கத்தில் எழுதப் போய்ப் பேனாவை நிறுத்திவிட்டேன். போனில் பேசுவதெல்லாம் பாதிதான், உன் அம்மா காதில் விழுமே என்று நான் வாசலுக்குப் போவதற்குள் உன் கார்டு தீர்ந்துவிடுகிறது. மலையாளத்தில் எழுத எனக்குக் கை வராது, நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய், பரவாயில்லை, மெதுவாகவே படி, அவசரமாகப் படிக்கிற மாதிரி நல்ல சேதி இதில் ஒன்றும் இல்லை.

நீ சொன்னபடி ஆபீஸைக் காலி செய்தாயிற்று. நீ ஆரம்பித்தபோது அந்த ஒரே ஹாலில் டிடிபிக்காரர், எல்ஐசி ஏஜெண்ட், வீட்டு பிளான் வரைகிற பெண் என்று அவரவருக்கு வாடகைக்கு ஒரு மேஜை, எல்லோருக்கும் பொதுவாக ஒரு போன் என்று எப்படிக் கலகலவென்று இருந்தது. நீ போனபின் ஒவ்வொருவராகப் புது ஆபீஸ்கள் வருகிற காக்கநாட்டுப் பக்கம் போனார்கள், கடைசியாக உன் சித்தப்பா மகன் சஜியும் அங்கேயே வேலை கிடைத்துப் போய்விட்டான். கீழே இருக்கிற மிளகு குடோனையும் சேர்த்துக் கட்டடக்காரர் ஹோட்டல் ஆக்கப் போகிறாராம். சாமான்களைப் பழைய இரும்புக்கடையில் போட வேண்டாம், நாலு பேருக்கு உபயோகமாகிற இடமாகப் பார்த்துக் கொடுங்கள் என்றாய். நல்ல மனசுதான், ஆனால் கொடுத்துப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். கார்ப்பரேஷனில் இருந்த காலமெல்லாம் ஜனங்கள் வீசியதை அள்ளியிருக்கிறேன், அப்போது ஒருவரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. நல்ல சாமானைச் சும்மா தருகிறேன் என்று போய் நின்றால் ஆயிரம் கேள்வி. வாசகசாலைக்காரர்கள் மேஜையையும் ஃபேனையும் எடுத்துக்கொண்டார்கள், அதுவும் கொண்டுவந்து இறக்கித் தந்தால் சரி என்று சொல்லி. சக்கரம் வைத்த நாற்காலிகளை அங்கன்வாடிக்குக் கேட்டேன், பிள்ளைகள் சுற்றிச் சுற்றி மண்டையை உடைத்துக்கொள்ளும் என்று கமலாக்ஷி டீச்சர் கும்பிட்டுவிட்டாள், ஷெல்ஃபை மட்டும் வாங்கிக்கொண்டாள். முதியோர் இல்லத்தில் கேட்டால், வயசானவர்கள் உட்காரப் போகும்போது நாற்காலி ஓடிவிடுமாம். அவர்கள் சொன்னதும் நியாயம்தானே. பிறகு உன் தங்கை சோனியா வீட்டுக்காரர்தான் இடக்கொச்சியில் ஒரு வெல்டிங் கடையில் சக்கரத்தை எல்லாம் கழற்றிவிட்டு இரும்புக்கால் வைத்துக் கொடுத்தார், அதற்கப்புறம் முதியோர் இல்லத்தில் எடுத்துக்கொண்டார்கள். நீ உட்கார்ந்த நாற்காலியும் அதில் போயிற்று, எது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மேஜைக்கும் மேஜைக்கும் நடுவே நிற்குமே நீலத்துணி ஒட்டிய தடுப்புப் பலகை, அதை மட்டும் யாருக்கும் வேண்டாம். தீராத நோய்க்காரர்களை வைத்துப் பார்க்கிற பாலியேட்டிவ் கிளினிக்கிலிருந்து அம்மாவுக்கு வாராவாரம் வலி மருந்து கொண்டுவந்து கொடுக்கிற அப்பு சேட்டனிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அங்கே கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே பழைய சேலையைத்தான் கட்டியிருக்கிறார்களாம், புண் கழுவும்போது பாவம், கிடக்கிறவர்களுக்கு வெட்கம். அன்றைக்கே வண்டியோடு வந்து பலகை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார். ஒன்றாவது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போயிற்று என்று அன்று ராத்திரி எனக்கு ஒரு வாய் சோறு கூடுதலாகவே இறங்கியது.

இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியாமல்தான் செய்தேன். தெரிய வேண்டாம் என்று நீயும் சொன்னாய், எனக்கும் சொல்லத் தைரியமில்லை. நீ போன நாளிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் போய் அந்த ஹாலைப் பெருக்கிவிட்டு வருவாள், ஆபீஸ் இருக்கிறவரைக்கும் அவன் திரும்பி வருவான், வந்தால் உட்கார இடம் வேண்டாமா என்பாள். ஆள் ஒருத்தரும் இல்லாத ஆபீஸில் போன ஆயுத பூஜைக்கும், அப்போதே வயிற்று வலி தொடங்கிவிட்டது, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மேஜை, நாற்காலி, பலகை ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம் வைத்தாள். படுக்கையில் விழுந்த பிறகும் சாவியை முந்தானையில் முடிந்துதான் வைத்திருந்தாள், நான் சஜியிடம் இருந்த சாவியை வாங்கித்தான் எல்லாம் செய்தேன்.

போன திங்கட்கிழமை வலி தாங்காமல் துடித்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அனுப்பியதுதான் உனக்குத் தெரியுமே, அதனால் பாலியேட்டிவிலேயே சேர்த்தோம். எனக்கு இருந்த பதற்றத்தில் பலகை ஞாபகமே வரவில்லை. ஊசி போட்டு, கொஞ்சம் தணிந்து கண் திறந்தாள். பக்கத்திலேயே நம் நீலப் பலகை. மேஜையையும் நாற்காலியையும் துடைத்துத்தான் அனுப்பினேன், துணியில் வைத்த சந்தனம் போகுமா, மஞ்சளாய் ஊறி நடுவில் அவள் வைத்த பொட்டு அப்படியே இருந்தது. கையை நீட்டி அதை ஒருதரம் தொட்டாள். நான் என்னென்னவோ சொன்னேன், இதே மாதிரி பலகை ஊரில் நிறைய உண்டு என்றுகூட உளறினேன். அவள் அழவில்லை, கோபிக்கவும் இல்லை. முந்தானை முடிச்சை அவளால் அவிழ்க்க முடியவில்லை, சோனியாவை அவிழ்க்கச் சொல்லி, சாவியை என் கையில் வைத்து, கட்டடக்காரரிடம் கொடுத்துவிடுங்கள் என்றாள். அவ்வளவுதான். தினமும் விடிந்ததும் அனூப் விளிச்சானா, போன் வந்ததா என்று கேட்பாளே, அன்றிலிருந்து கேட்கவில்லை. அந்தக் கேள்வி எனக்கு எத்தனை நாள் எரிச்சலாக இருந்திருக்கிறது, இப்போது அது இல்லாமல் எனக்கு விடிகிற மாதிரியே இல்லை மகனே.

உன் மேல் குறை சொல்லவில்லை, லீவு கொடுக்காத கம்பெனியில் நீ என்ன செய்வாய். டாக்டர் நாள் கணக்கு ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வர முடியுமானால் வா. முடியாதென்றால் ஓணத்துக்கு வருகிறேன் என்று இனிமேல் போனில் சொல்லாதே, அவள் நம்புகிறவளாக இல்லை, நம்புகிற மாதிரி தலையாட்டுவாள், அதைப் பக்கத்தில் நின்று பார்க்க என்னால் ஆகாது. வெயிலில் அலையாதே, வேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை சோனியா நம்பருக்குக் கூப்பிடு, அம்மா கேட்காவிட்டாலும் நீயே பேசு. எந்த ஊரில் இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், அம்மா ஆசீர்வாதமும் இதில் உண்டு, அவளைக் கேட்காமலே எழுதுகிறேன்.

சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பூட்டை மாற்றிவிட்டார்களாம், வேண்டாம் என்று திருப்பித் தந்துவிட்டார்கள். என் சட்டைப் பையில்தான் கிடக்கிறது.

உன் அப்பா
ராக்கப்பன்