அழைப்பவர் இடத்தில் ஒரு பெயர்

நெரவி
21.6.2025

தேவிகாவின் அப்பாவுக்கு,

நலம். நீங்கள் புதுச்சேரியில் நலம் என்று தேவிகா சொன்னாள். அவள் கல்யாணம் ஆவணி 12 என்பதும் அவள் சொல்லியே உங்களுக்குத் தெரிந்திருக்கும். பத்திரிகை ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் பிரெஞ்சு. மாப்பிள்ளை அஷ்வினின் குடும்பம் பிரான்சில் மூன்று தலைமுறை. அங்கே பாதிப் பேருக்குத் தமிழ் படிக்க வராது. காரைக்காலில் இரண்டு கடையில் கொடுத்துப் பார்த்தேன். பிரெஞ்சு எழுத்தின் தலையில் கோடு வர வேண்டிய இடத்தில் எல்லாம் கட்டம் கட்டமாக வருகிறது. பதிப்பகத்தில் பக்கம் கோக்க நீங்கள் ஓட்டும் கறுப்புத் திரை நிரலில் இரண்டு மொழியும் சரியாக வரும் என்கிறாள் உங்கள் மகள்.

போனில் பேசினால் இரண்டாவது நிமிடம் சண்டை வரும். அதனால் மின்னஞ்சல். மூன்று வருடம் முன்பு நான் கையால் எழுதி அனுப்பிய எட்டுப் பக்கக் கோபத்தை ஓரம் விட்டு, பக்க எண் போட்டு, அச்செடுத்து, "படிக்க வசதியாக இருக்கும்" என்று எனக்கே அனுப்பினீர்களே, அதை மறக்கவில்லை.

அழைப்பவர் என்ற இடத்தில் என் பெயர் மட்டும் போதும்.

சந்திரலேகா

புதுச்சேரி
24.6.2025

அன்புள்ள லேகா,

ஃபைலை இணைத்திருக்கிறேன். உன் உறவில் பெயர்கள் கூடும், குறையும். ஒவ்வொரு முறையும் என்னைக் கேட்பது உனக்குப் பிடிக்காது. ஆகவே நீயே ஓட்டிக்கொள். தேவிகாவின் லேப்டாப்பில் கறுப்புத் திரையைத் திறந்து, ஃபைலின் முதல் வரியில் இருக்கும் கட்டளையை அப்படியே அடி. எது தமிழ், எது பிரெஞ்சு என்று நாம் சொல்ல வேண்டும், தானாக ஊகிக்காது. சொல்லிவிட்டால் எழுத்துருவை அதுவே மாற்றிக்கொள்ளும். சதவீதக் குறியில் தொடங்கும் வரியை அது படிக்காது, அச்சிலும் வராது. நமக்குள் குறிப்பு எழுத வசதி.

தப்பு இருந்தால் ஆங்கிலத்தில் திட்டும். பயப்படாதே.

அந்த எட்டுப் பக்கத்தின் மூலம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. மை மங்கிப் போகக் கூடாதே என்றுதான் அப்படிச் செய்தேன்.

அழைப்பவர் இடத்தில் நீ சொன்னபடியே.

கலைவாணன்

நெரவி
9.7.2025

தேவிகாவின் அப்பாவுக்கு,

"லேகா" வேண்டாம். முழுப் பெயர் இருக்கிறது.

உங்கள் நிரல் என்னைப் பத்து நாளாகத் திட்டுகிறது. ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனதற்கு நூறு வரி திட்டு. தங்கையன் சித்தப்பா தன் பெயருக்குக் கீழே "ஓய்வுபெற்ற முதுநிலைக் கண்காணிப்பாளர் மற்றும் விவசாயி" என்று போட்டே ஆக வேண்டும் என்றார். போட்டேன். பெயருக்கு ஒதுக்கிய பெட்டி நிரம்பி வழிகிறது என்றது. சித்தப்பாவிடம் சொன்னேன். "பெட்டியப் பெருசாக்கச் சொல்லு, என் பதவியக் கொறைக்கச் சொல்ல அதுக்கு என்னா உரிம இருக்கு?" என்று கேட்டு, காபி குடிக்காமல் எழுந்து போய்விட்டார். கடைசியில் எழுத்தைச் சிறிதாக்கினேன். இப்போது பூதக்கண்ணாடி கேட்கிறார்.

என் பெயருக்கு மேலே சதவீதக் குறி போட்டு "இங்கே ஒரு பெயர் குறைகிறது" என்று எழுதியிருந்தீர்கள். குறையவில்லை.

ஒன்பது மணி என்றிருந்த முகூர்த்த நேரம் பத்தரை என்று மாறிவிட்டது. பிரெஞ்சுப் பக்கத்திலும் மாற்றி அனுப்புங்கள். லேப்டாப்பைத் தேவிகா வேலைக்குக் கொண்டுபோகிறாள். நான் வேலை பார்க்கும் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகக் கணினியில் ஓட்டிக்கொள்ள நிரலை ஏற்றிக் கொடுத்துவிட்டாள். ஆனால் அது இணைப்பாக வரும் ஃபைலைத் திறக்க விடாது. மடலுக்குள்ளேயே ஒட்டி அனுப்புங்கள்.

சந்திரலேகா

புதுச்சேரி
11.7.2025

அன்புள்ள சந்திரலேகா,

நேரத்தை இரண்டு பக்கத்திலும் மாற்றிவிட்டேன். சித்தப்பாவை இரண்டு வரியாக உடைத்திருக்கிறேன்; பூதக்கண்ணாடி தேவைப்படாது. நீ கேட்டபடி எல்லாவற்றையும் இந்த மடலின் அடியில் ஒட்டியிருக்கிறேன். நகலெடுத்து ஓட்டு.

தேவிகாவுக்கு என்ன நிறத்தில் புடவை எடுத்தீர்கள்? இது பத்திரிகை பற்றிய கேள்வி இல்லைதான்.

கலைவாணன்

நெரவி
20.7.2025

தேவிகாவின் அப்பாவுக்கு,

என்ன செய்து வைத்திருக்கிறீர்கள்?

நீங்கள் ஒட்டியனுப்பியதை ஓட்டினேன். பத்து நாள் திட்டிய நிரல் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசவில்லை என்றால் சரியாக இருக்கிறது என்று, திறந்துகூடப் பார்க்காமல் பாலகுரு அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். ஐந்நூறு பிரதி. சுரக்குடியிலும் குரும்பகரத்திலும் நூற்று நாற்பது வீட்டில் தட்டில் வைத்துக் கொடுத்தும் முடித்தாயிற்று.

நேற்று என் அக்கா பங்கஜவல்லி கண்ணாடி போட்டுப் படித்தாள். என் பெயருக்கு மேலே, பூ வேலைப்பாட்டோடு, தங்க மையில்: "உன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரையும் போடலாமா என்று கேட்கத் தைரியம் வரவில்லை."

பாலகுருவைக் கேட்டால், "நான் என்னங்க கண்டேன், உங்க வீட்டு வழக்கம்னு நெனச்சேன்" என்கிறார். சுரக்குடி அத்தை போன் செய்து, "ஏண்டி சந்திரா, ஒங்கிட்ட கேக்க வேண்டியத ஒம் புருஷன் ஊரு பூரா கேக்குறானே?" என்றார். மாப்பிள்ளையின் அம்மா பிரதீபா வாட்ஸப்பில் பார்த்துவிட்டு, இவ்வளவு நல்ல வரியைப் பிரெஞ்சுப் பக்கத்தில் ஏன் போடவில்லை என்று வருத்தப்படுகிறார்.

இதற்கு என்ன அர்த்தம்?

சந்திரலேகா

புதுச்சேரி
20.7.2025

அன்புள்ள சந்திரலேகா,

நடந்தது இதுதான். நான் எழுதியது ஒரே நீண்ட வரி: "லேகா, மகளின் கல்யாணப் பத்திரிகையை நானே கோத்துக் கொடுக்கும்போது உன் பெயருக்குப் பக்கத்தில்..." என்று தொடங்கி, நீ படித்ததில் முடியும். முன்னால் சதவீதக் குறி இருந்தது. மடலுக்குள் ஒட்டியதால் மின்னஞ்சல் அந்த வரியை நடுவில் ஒடித்துவிட்டது. முதல் துண்டுக்குக் குறி இருந்தது, மறைந்துகொண்டது. இரண்டாவது துண்டுக்கு இல்லை. இணைப்பாக அனுப்பியிருந்தால் நடந்திருக்காது என்பதைக் குற்றமாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன்.

புதிதாக ஐந்நூறு என் செலவில் அச்சடித்துத் தருகிறேன். உன் பெயர் மட்டும் இருக்கும்.

கலைவாணன்

நெரவி
23.7.2025

தேவிகாவின் அப்பாவுக்கு,

எப்படி நடந்தது என்று நான் கேட்கவில்லை. என்ன அர்த்தம் என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லாமலேயே ஒரு மடல் எழுத உங்களால்தான் முடியும்.

புதிதாக அச்சடிக்க வேண்டாம். மூன்று நாளாக எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காரச் சொல்வதற்கு முன் கேட்கிறார்கள்: "நீ என்னா பதில் சொன்ன?" அக்கா கேட்கிறாள். பாலகுரு கேட்கிறார். காபி குடிக்காமல் எழுந்து போன தங்கையன் சித்தப்பா வீடு தேடி வந்து கேட்கிறார். சொன்னால்தான் விடுவார்கள் போலிருக்கிறது.

போடலாம்.

நேற்று தேவிகாவும் நானும் மிச்சமிருந்த பத்திரிகைகளை எடுத்து வைத்துக்கொண்டு, அந்த வரியை அடித்துவிட்டு, என் பெயருக்குப் பக்கத்தில் உங்கள் பெயரை எழுதினோம். முந்நூறுக்கு மேல் கை வலித்தது. இருந்தாலும் முடித்துவிட்டோம்.

ஏற்கெனவே கொடுத்த வீடுகள் பாக்கி. சுரக்குடி, குரும்பகரம் பட்டியலைக் கீழே எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்குங்கள். ஒரு வீடு விடாமல் நீங்களே நேரில் போய், அவர்கள் கண் முன்னால், உங்கள் கையால் உங்கள் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். என்ன கேட்டாலும் நின்று பதில் சொல்ல வேண்டும். சுரக்குடி அத்தை வீட்டிலிருந்து ஆரம்பியுங்கள்.

நான் கூட வர மாட்டேன். சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

லேகா