டிசம்பர் இருபத்தொன்றின் கடைசி வரி

உப்பு காய்ந்த விரலால் தினமும் என் நெற்றியில் சிலுவை போட்ட அப்பாவுக்கு,

மரக்காணத்தில் மழை விட்டு ரெண்டு நாளாகிறது. உப்பளம் முழுக்கத் தண்ணீர், யாருக்கும் வேலை இல்லை. நீ போய் ஆறு மாதம் கழித்து இன்றைக்குத்தான் உன் தேதி நோட்டைத் திறந்தேன். இத்தனை நாள் பயம்தான், வேறென்ன?

தேதிக்கு ஒரு பக்கம் வைத்திருந்தாய். திருச்சபைச் சரித்திரத்தில் அந்தத் தேதியில் நடந்ததை யார் யாரிடமோ கேட்டு எழுதுவாய். அதன் கீழேயே நம் வீட்டு விசேஷமும் இருக்கும். அக்டோபர் முப்பத்தொன்றில், ஜெர்மனியில் ஒரு சாமியார் கோயில் கதவில் கடுதாசி ஒட்டிச் சபையை ரெண்டாக்கியது. கீழே, நம் வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டது. "இதுவும் அதுவும் ஒண்ணாப்பா?" என்று சிரிப்பேன். "ரெண்டும் ஆண்டவர் குடுத்த நாள்லதானே நடந்துச்சு?" என்பாய்.

டிசம்பர் இருபத்தொன்றுதான் உனக்குப் பெரிய நாள். அப்போஸ்தலர் தோமையார் திருநாள், நம் கோயிலை மந்திரித்துத் திறந்த நாள், எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த நாள்.

எழுபதாம் வருஷம் ரோமாபுரியில் அந்தத் திருநாளை ஜூலை மூன்றுக்கு மாற்றினார்கள். "ஜூலைல உப்பு வார்ற நேரம் சாமி. பாத்தியை விட்டுட்டு எவன் கோயிலுக்கு வருவான்? டிசம்பர்னா எல்லாரும் சும்மா இருக்கோம்" என்று சாமியாரிடம் வருஷா வருஷம் வாதாடினாய். ஊர் சிரித்தது. எனக்கு மானம் போனது. டீச்சர் டிரெயினிங் படிக்கிற திமிர் வேறு. "போப்பாண்டவரே மாத்திட்டாரு, உனக்கு இன்னாப்பா பிடிவாதம்?" என்று கத்திவிட்டு, நோட்டில் அந்த டிசம்பர் பக்கம் முழுக்கச் சிவப்பு மையால் குறுக்கே கோடு கிழித்தேன்.

நீ திட்டியிருக்கலாம். நோட்டை மூடி டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டாய். அதற்கப்புறம் நீ எழுதி நான் பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்க நினைத்து, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினேன். ஆனி வெயிலில் பாத்தியிலேயே விழுந்து உயிரை விட்டாய். ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா அப்பா?

இன்றைக்குப் பார்த்தால், ஜூலை மூன்றில் 'தோமையார் திருநாள்' என்று ஒழுங்காக எழுதியிருக்கிறாய். டிசம்பர் இருபத்தொன்றில் என் சிவப்புக் கோடு அப்படியே இருக்கிறது. கோபத்தில் என் ஞானஸ்நானத்தையும் சேர்த்து அடித்திருக்கிறேன், கவனிக்கவே இல்லை. பக்கத்தின் அடியில் அதை மட்டும் நீ திரும்ப எழுதியிருக்கிறாய். 'எமிலிக்கு ஞானஸ்நானம்.'

அழுது மாளவில்லை அப்பா.

வருகிற இருபத்தொன்றாம் தேதி பூசை கிடையாது. இருந்தாலும் சாமியாரிடம் கோயில் சாவி வாங்கி நானே மெழுகுவத்தி ஏற்றுவேன், உப்பளத்து ஜனத்தையெல்லாம் கூப்பிடுவேன். நான் இருக்கிறவரை ஒரு வருஷமும் தவறாது.

அந்தக் கடைசி வரிக்குச் சொந்தக்காரி,
உன் மகள் எமிலி