பூவராகவன் வாங்கிப்போன மீட்டர்

நைனாவுக்கு,

முட்டி வலி குறைந்ததா? கும்மிடிப்பூண்டியில் நான் நலம், வயிற்றெரிச்சலைத் தவிர.

என் எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர் லைசன்ஸைப் புதுப்பிக்க வந்த அதிகாரி, வயரில் கரண்ட் கசிகிறதா என்று பார்க்கும் இன்சுலேஷன் மீட்டரைக் காட்டச் சொன்னார். அதைப் பூவராகவன் தன் லைசன்ஸுக்குக் காட்ட இரவல் வாங்கிப்போயிருந்தான். இங்கே கான்ட்ராக்டர்களுக்குள் அப்படித்தான் வழக்கம். போன் செய்தால், "சைட்ல மாட்டிக்கினேன்பா, அப்புறமா தர்றேன்" என்கிறான். என் மீட்டரைக் காட்டி அவன் லைசன்ஸ் வாங்கிவிட்டான். மீட்டர் இல்லையென்று என் லைசன்ஸை நிறுத்திவிட்டார்கள்.

சாயங்காலம் மீட்டரோடு வந்து, "லைசன்ஸ் வர்ற வரைக்கும் என்கிட்ட வேலை செய்யேன், இன்னா இப்போ" என்றான், வெட்கமில்லாமல். அந்த மீட்டரை அவன் தலையிலேயே போட்டிருப்பேன். ஆனால் லைசன்ஸ் இல்லாத கான்ட்ராக்டரை எந்தக் கம்பெனியும் உள்ளே விடாது.

கவலைப்படாதீர்கள். அம்மாவிடம் ஊறுகாய் மட்டும் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். தனியாக உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. நான் கேட்ட சட்டைகள் வேண்டாம். திங்கள் முதல், முதுகில் பூவராகவன் பேர் போட்ட சட்டைதான் போட வேண்டுமாம்.

குணாளன்