டோக்கன் எங்கேயும் போகாது

காலடிப்பேட்டை,
திருவொற்றியூர்.
18-8-2025, திங்கள்.

மதியின் அப்பாவுக்கு,

ராஜாத்தி எழுதிக்கொண்டது. நானும் மதியும் சீனியும் இங்கே இருக்கிறோம். நீங்கள் கப்பலில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன். இந்த ஒரு வரியை மட்டும் கோபம் இல்லாமல் எழுதிவிட்டேன். இனி வருவதெல்லாம் கோபம்தான்.

போனில் நான் வாயைத் திறந்தாலே உங்களுக்கு சிக்னல் போய்விடுகிறது. உங்கள் தம்பி எழிலனோடு பேசும்போது மட்டும் கால் மணி நேரம் போகாமல் நிற்கிறது. அதனால்தான் கடிதம். நோயல் அடுத்த வாரம் கொழும்பில் உங்கள் கப்பலில் ஏறுகிறான், அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவன்தான் பேச்சுவாக்கில் சொன்னான், நீங்கள் இன்னும் நான்கு மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களாம், தீபாவளிக்கு வர மாட்டீர்களாம். ராயபுரத்தில் இருக்கிற நோயலுக்குத் தெரிந்த சேதி உங்கள் பெண்டாட்டிக்குத் தெரியவில்லை. அந்தச் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்வோம். இந்தக் கடிதம் டோக்கனுக்காக.

எழிலன் உங்களிடம் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். அண்ணி ஒரு வெறிநாயை வீட்டில் வைத்துக்கொண்டு இருக்கிறது, அது அண்ணியையே கடித்துவிட்டது, நாளைக்கு மதியைக் கடிக்கும். கடித்தது உண்மை. வலது கையில் நான்கு பல் இறங்கியது. ஊசியெல்லாம் போட்டுக்கொண்டு வருகிறேன். ஏன் கடித்தது என்று உங்கள் தம்பி சொல்லியிருக்க மாட்டான். சொன்னால் அவன் பெயரும் வரும், உங்கள் பெயரும் வரும்.

நான் பில் போடுகிற எடைமேடையில் லாரிகளுக்கு அடியில் நிழலுக்குப் படுத்துக் கிடக்கும் நாய் அது. டிரைவர்கள் டோக்கன் வாங்க என் ஜன்னலுக்கு வரும்போதெல்லாம் கூடவே வந்து நிற்கும். நான் பிஸ்கட் போடுவேன். அப்படித்தான் டோக்கன் என்று பெயர் வந்தது. பக்கத்து லாரி ஷெட்டில், கழிவு ஆயில் ஊற்றுகிற தொட்டி ஒன்று மூடி இல்லாமல் கிடக்கிறது. ஒரு பலகையாவது போட்டு வையுங்கள் என்று எத்தனையோ முறை சொன்னேன். எவன் கேட்டான். போன மாதக் கடைசியில் டோக்கன் அதில் விழுந்துவிட்டது. நான் ஓடிப் போய்ப் பார்த்தால், நான்கு தடிமாடுகள் சுற்றி நின்று வீடியோ எடுக்கிறார்கள். மூக்கு மட்டும் வெளியே தெரிகிறது, இவர்களுக்குச் சிரிப்பு. கிளீனர் அமான் ஒருவன்தான் மனுஷன். தரையில் குப்புறப் படுத்து, கயிறு போட்டு இழுத்து வெளியே எடுத்தான்.

டோக்கனை வீட்டுக்குத் தூக்கிவர எழிலன் லோடு ஆட்டோ கொண்டுவந்தான். அந்த உதவியை நான் மறுக்கவில்லை. மொட்டைமாடியில் வைத்து எவ்வளவு சோப்புப் போட்டும் ஆயில் அசையவே இல்லை. அன்றைக்கு அதிசயமாக நீங்கள் போனை எடுத்தீர்கள். என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? எனக்கு ஒரு எழுத்து மறக்கவில்லை. "கிருஷ்ணாயில்ல துணிய நனச்சி தேய்ச்சி வுடு, அஞ்சி நிமிசத்துல போயிடும். நாங்க எஞ்சின் ரூம்ல தெனம் அதுலதான் கைய கழுவிக்கினு கீறோம்." எழிலனும், பட்டறையில் நாங்களும் அதில்தான் கழுவுகிறோம் என்று சொல்லி ஒரு கேனையே தூக்கிக்கொண்டு வந்தான். எனக்கும் சந்தேகம் வரவில்லை. பதினைந்து வருஷமாக உங்கள் சட்டையில் இருக்கும் கிரீஸை அதில்தானே எடுக்கிறேன். அவன் பிடித்துக்கொண்டான், நான் தலையிலிருந்து வால்வரை தேய்த்தேன்.

ஆயில் போனது. உள்ளே வெள்ளை நாய், ஒரு காது மட்டும் செம்மண் நிறம். மதி போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பினாள், நீங்களும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினீர்கள். ஒரு மணி நேரத்தில் டோக்கன் நடுங்க ஆரம்பித்தது. உடம்பை நக்கியது, நக்கி நக்கி வாந்தி எடுத்தது, சுவரில் போய் உரசிக்கொண்டு கத்தியது. மறுநாள் காலையில் வயிற்றுத் தோல் கொப்புளமாகி உரிந்துவிட்டது. கீழ் வீட்டு ரசூல் பீவியிடம், சத்தத்துக்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லப் போனேன். அவர்கள் நாயைத் தொட மாட்டார்கள், உங்களுக்குத் தெரியும். "வலியில கத்துது, நீ இன்னாத்துக்கு பேஜாராவுற? மொதல்ல டாக்டராண்ட தூக்கினு போ" என்றார்கள்.

தண்டையார்பேட்டையில் மெர்லின் என்று ஒரு டாக்டரம்மா. அவர்கள் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. நாய் தன் உடம்பை நக்கும் என்று உங்கள் வீட்டில் ஒருத்தருக்குமா தோன்றவில்லை? சமையல் எண்ணெயைத் தடவி ஊறவைத்து, பிறகு சோப்புப் போட்டிருந்தால் ஆயில் தானாக வந்திருக்குமாம். அடுப்படியில் ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெய் இருந்தது. நான் அதை விட்டுவிட்டு கேனைத் தூக்கினேன். யார் சொல்லிச் செய்தீர்கள் என்று டாக்டர் கேட்டபோது நானாகத்தான் செய்தேன் என்று சொன்னேன். உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. எட்டு நாள் டோக்கனைத் தூக்கிக்கொண்டு போய் குளுக்கோஸ் ஏற்றினேன். ஐந்தாம் நாள் புண்ணுக்கு மருந்து தடவும்போது கடித்தது. அதன் இடத்தில் நான் இருந்திருந்தால் முதல் நாளே கடித்திருப்பேன்.

சொன்னது நீங்கள், கேனைக் கொண்டுவந்தது உங்கள் தம்பி. ஆனால் டோக்கனுக்குத் தெரிந்தது என் கை மட்டும்தான். மதி கொடுத்தால் சாப்பிடுகிறது. சீனியோடு ஒரே சாக்கில் படுக்கிறது. சீனிக்குப் பதிமூன்று வயது, வேறொரு நாயைப் பக்கத்தில் விடாத உங்கள் கிழட்டு நாய் சீனி, இதற்கு இடம் விட்டுப் படுக்கிறது. நான் போனால் மட்டும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொள்கிறது. வருஷம் முழுக்க என் ஜன்னலுக்கு வந்து பிஸ்கட் தின்ற நாய். எனக்கு அது எப்படி இருக்கிறது என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது.

டாக்டரம்மா ஒரு வழி சொன்னார்கள். சோற்றை வைத்துவிட்டு, முதுகைக் காட்டி உட்கார வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. காலையில் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் அரை மணி நேரம், உப்பில்லாமல் வேகவைத்த சோறும் ஈரலும் தட்டில் வைத்துவிட்டு, மாடிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து மாடியில் துணி காயப்போடுகிறவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைக்கிறார்கள். முதல் வாரம் தட்டு அப்படியே இருந்தது. பிறகு ஒருநாள் சீனி எழுந்து வந்து தின்றது, அதைப் பார்த்து இதுவும் வந்தது. தட்டு முதலில் பத்தடி தள்ளி இருந்தது. இப்போது நான்கடியில் இருக்கிறது. நேற்று நக்கித் தின்கிற சத்தம் எனக்குப் பின்னால் அவ்வளவு கிட்டத்தில் கேட்டது. சுவரைப் பார்த்துக்கொண்டே அழுதேன்.

இந்த நேரத்தில்தான் நீங்கள் எழிலனுக்கு உத்தரவு போட்டிருக்கிறீர்கள். கடிக்கிற நாய் வீட்டில் வேண்டாம், ரெட்ஹில்ஸ் தாண்டி இருக்கிற காப்பகத்தில் விட்டுவிடு என்று. புண் முழுக்க ஆறினால்தான் எடுத்துக்கொள்வார்களாம், அதனால் செப்டம்பர் ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருகிறானாம். அங்கே இருப்பவர்கள் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள். ஆனால் முந்நூறு நாய்க்கு நடுவில் ஒரு நாய்க்காக அரை மணி நேரம் முதுகைக் காட்டி யார் உட்காருவார்கள்? இப்போது இடம் மாற்றினால் சாப்பாட்டை நிறுத்திவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்கள். மதியைப் பற்றிய பயம் உங்களுக்கு மட்டும்தானா? பெற்றவள் நான் இல்லையா? நான் இல்லாதபோது அவளை மாடிக்கு விடுவதில்லை. இதையெல்லாம் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

போனில் நீங்கள் சொன்ன ஒன்றை இந்தக் கையால் செய்தேன். இரண்டாவதைச் செய்ய மாட்டேன்.

எழிலனிடம் சொல்லிப் பார்த்தேன். "அண்ணன் சொல்லட்டும், வுட்டுர்றேன்" என்கிறான். அவன் வந்தால் வாசலில் நின்று திருப்பி அனுப்ப எனக்குத் தெரியும். ஆனால் இந்த வீட்டில் எல்லாவற்றையும் நானே தனியாக நின்று செய்து அலுத்துப்போய்விட்டது. கடிதம் கிடைத்ததும் அவனைக் கூப்பிட்டு, டோக்கன் நம் வீட்டு நாய் என்று சொல்லுங்கள். நம் வீடு என்று உங்கள் வாயால் சொல்லி நான் கேட்டும் ரொம்ப நாளாகிறது.

மதி ஒன்பதாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிறாள். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். நோயலிடம் ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெய் கொடுத்திருக்கிறேன். இனிமேல் கிருஷ்ணாயிலில் கை கழுவாதீர்கள். அது தோலை என்ன செய்யும் என்று என் கண்ணால் பார்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
கோபம் தீராத
ராஜாத்தி