அப்பா துப்புரவாக்கிய குளக்கரை

2024 செப்டெம்பர் 7
எங்கள் கரம்பொன் காணிக் குளத்துக்குக் காசு வரலாமாம். பறவைகள் தங்கும் இடங்களைத் திருத்தும் திட்டம். தனியார் காணிக்கும் உண்டு, அரச காணிக்கும் உண்டு. குளம் தூர்ந்து ஆனியிலேயே வற்றுகிறது; கிணறும் உவர்க்கிறது. ஆழமாக்கினால் நீர்க்கோழிக்கும் தண்ணீர், அப்பாவின் மிளகாய்க்கும் தண்ணீர். வியாழன் திட்டத்திலிருந்து கோசலா மிஸ் பார்க்க வருகிறார்.

செப்டெம்பர் 11
அப்பா ஆள் பிடித்துக் குளக்கரையை மொட்டையடித்துவிட்டார். ஈச்சு, கோரை, ஒன்றும் மிச்சமில்லை. கூட்டிக் கொளுத்தி, மிஸ் இருக்கக் கதிரையும் போட்டாச்சு.
“நாலு பேர் வாற இடம் பிள்ளை. காடாக் கிடந்தா எங்களை என்னெண்டு நினைப்பினம்?”
நீர்க்கோழிக்குச் சலூன் திறந்த மாதிரி இருக்கிறது.

செப்டெம்பர் 12
மிஸ் கதிரையில் இருக்கவேயில்லை.
“ஐயா, இதிலை நிண்ட பற்றையள் எங்கை?”
“எல்லாம் துப்பரவாக்கியாச்சு!” அப்பாவுக்குப் பெருமை.
“நான் பற்றையைப் பாக்கத்தான் வந்தனான். அதுக்குள்ளைதானே அதுகள் கூடு கட்டுறது.”
மறுகரை அரச காணி. ஒருவரும் திரும்பியும் பார்ப்பதில்லை, ஒரே காடு. அது பாஸ்! எங்கள் பக்கம் தையில் பற்றையும் கூடும் இருந்தால்தான் காசு.
அப்பா சாப்பிடேல்லை. ‘கோழிக்கும் ஒரு கதிரை போடுவமோ’ என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன்.

ஒக்டோபர் 28
மழை. ஈச்சங்கட்டையில் துளிர்.

நவம்பர் 15
குளக்கரையில் பலகை நட்டேன்: ‘புல் பிடுங்குவோர் பிடுங்கப்படுவர் — நீர்க்கோழிச் சங்கம்.’ அடி விழுமென்று ஒளிந்து நின்றேன். அப்பா வாசித்தார், போய்ச் சுத்தியல் எடுத்து வந்தார். பலகை ஆடாமல் இன்னொரு ஆணி அடித்தார்!
பின்னேரம் பக்கத்து வளவு ஆடு வந்தது. அப்பா வேலியடிக்கு ஓடினார்.
“இராசமணியக்கா, ஆட்டைக் கட்டுங்கோ! எங்கட பற்றையைத் தின்னுது!”
“பற்றைக்கோ தம்பி சண்டை பிடிக்கிறாய்? விசரே உனக்கு?”

2025 ஜனவரி 18
கூடு இருக்கு! முட்டையும் இருக்கு! மிஸ் படமெடுத்தார். கதிரையில் இருந்து தேத்தண்ணியும் குடித்தார்.

ஜூலை 9
திட்டக் காசில் குளம் வெட்டப் பெக்கோ இயந்திரம் வந்தது. படலைக்கு உள்ளே வழியை மறித்து ஈச்சம் பற்றை.
“அண்ணை, இதை வழிச்சாத்தான் உள்ளுக்கை வரலாம்.”
“அதிலை கை வைக்காதையும்.”
அப்பா கத்தியை எடுத்தார். எல்லை வேலிக் கதியால் ஒரு சாண் தள்ளிப் போனதென்று சித்தப்பாவோடு ஏழு வருசம் கதைக்காத மனுசன், தன் வேலியைத் தானே வெட்டித் திறந்தார்.
“இதாலை வாரும்.”