கழுவாமல் வந்த டப்பா

கண்ணாடிக்காரிக்கு,

இங்கே நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், உனக்கு எப்போது என்ன குறை வந்தது. நேரில் பார்த்தபோதெல்லாம் "வாங்கம்மா, உட்காருங்கம்மா" என்றுதான் உன்னிடம் பேசியிருக்கிறேன். மனசுக்குள் எப்போதும் நீ, வா, போ என்றுதான். கண்ணாடிக்காரி என்பதும் மனசுக்குள் வைத்த பெயர்தான். இன்றைக்கு மனசுக்குள் இருப்பதையே எழுதுவதென்று உட்கார்ந்திருக்கிறேன். கோபம் வந்தால் வரட்டும். எனக்கு உன்மேல் முப்பது வருடத்துக்கு மேற்பட்ட கோபம் இருக்கிறது, உனக்கு ஒரு கடிதத்துக் கோபம் வந்தால் என்ன குறைந்துவிடும்.

நான் நாலாவது வரை படித்தவள். பேத்தியிடம் சொன்னால் முத்து முத்தாக எழுதித் தருவாள். ஆனால் இது பேத்தியிடம் சொல்லி எழுதவைக்கிற சமாச்சாரம் இல்லை. பிழை இருந்தால் நீயே திருத்தி வாசித்துக்கொள். ஒருவர் பார்த்ததை மறுபடி பார்ப்பதுதானே உனக்குச் சம்பளம் கொடுத்த வேலை.

விலாசம் உங்கள் ஆய்வுக்கூடத்துப் பழைய வாட்ச்மேனிடம் வாங்கினேன். கடல் தாண்டி மகன் வீட்டில் இருக்கிறாயாம். அவருக்கு இப்போது ஒரு பல்கூட இல்லை. உன் பேரைச் சொன்னதும் ஈறு முழுக்கத் தெரியச் சிரித்தார். எல்லாருக்கும் உன்னைப் பிடிக்கும், அது எனக்குப் புதிதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தலைவரைச் சுட்ட வழக்கை மறுபடி தோண்டுகிறார்கள். விசாரணைக் கமிஷன் உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்கு மேடையில் பிடிபட்டவன் ஒருத்தன், கையில் ஒரு துப்பாக்கி. அவர் உடம்பில் இரண்டு குண்டு, மேடைத் தூணில் ஒரு குண்டு. தூணில் இருந்தது அந்தத் துப்பாக்கிக் குண்டு இல்லை, இன்னொருத்தனும் சுட்டிருக்கிறான் என்று என் வீட்டுக்காரர் குண்டுகளைச் சோதித்து எழுதிக் கொடுத்தார். நீயும் அதையே எழுதிக் கொடுத்தாய். ஒருத்தன்தான் சுட்டான் என்று மேலே இருப்பவர்கள் எல்லாரும் முடிவு செய்திருந்த நேரம் அது. அவரைப் பழைய காகிதம் அடுக்குகிற அறைக்குத் தூக்கிப் போட்டார்கள், உன்னை வேறு ஊருக்கு. உங்கள் அறிக்கை ஏதோ ஒரு பீரோவில் தூங்கியது. இப்போது அந்த இரண்டாவது ஆள் யாரென்று தெரிந்துவிட்டதாம். பெரிய இடம். பெரிய இடத்துக்குப் பெரிய வக்கீல்.

அந்த வக்கீல் போன திங்கட்கிழமை ஒரு கூடைப் பழத்தோடு என் வீட்டுக்கு வந்தார். செருப்பை வாசலில் நேராக வைத்தார், என் மகன்கூட அப்படி வைத்ததில்லை. உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், சுவரில் இருந்த என் வீட்டுக்காரர் படத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "உங்க வீட்டுக்காரரும் அந்தம்மாவும் ரொம்ப நெருக்கமா இருந்ததா கேள்விப்பட்டோம். நீங்க எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பீங்கம்மா" என்றார்.

இத்தனை வருடத்தில் ஒருவரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. என் கூடப்பிறந்தவள் கேட்டதில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது, முன்பின் தெரியாத ஆள் முன்னால் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அழுகை நின்றதும் வாய் திறந்துகொண்டது. எல்லாவற்றையும் கொட்டினேன்.

என்னவெல்லாம் சொன்னேன் என்று நீயும் தெரிந்துகொள். என் வீட்டில் உன் பேர் வராத சாப்பாடு கிடையாது. "அவ கண்ணு மாதிரி ஒரு கண்ணு இந்த டிபார்ட்மென்ட்லயே இல்ல" என்பார், சோற்றைப் பிசைந்துகொண்டே. என் கண்ணைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை, தூசி விழுந்தபோது ஊதிவிட்டதோடு சரி. பெரியவனுக்கு அம்மை வார்த்திருந்தபோது நீ போன் செய்தாய். நான் எடுத்து, பையனைப் பற்றி ஆறு விஷயம் சொன்னேன். நீ கேட்டுவிட்டு, அவரிடம் கொடுக்கச் சொல்லி ஏதோ குண்டைப் பற்றிப் பேசினாய். அவர் கால்மணி நேரம் நின்றுகொண்டே சிரித்துச் சிரித்துப் பேசினார். குண்டில் சிரிக்க என்ன இருக்கிறது?

அப்புறம் டப்பா. நான் கட்டிக் கொடுக்கிற சாப்பாட்டு டப்பாவை அவர் ஆயுளில் ஒருநாளும் கழுவியவர் இல்லை. ஆனால் உங்கள் ஆபீசிலிருந்து டப்பா கழுவி வரும். ரோஜா நிற ஆபீஸ் சோப்பு வாசனையோடு, துடைத்து, மூடி சரியாகப் போட்டு வரும். யார் கழுவினார்கள் என்று கேட்டேன். "அவளும் நானும் ஒண்ணாத்தான் சாப்பிடறோம், அவ டப்பாவோட சேர்த்துக் கழுவிடறா" என்றார், ஏதோ மழை பெய்தது என்கிற மாதிரி. மறுநாளிலிருந்து டப்பா வந்ததும் முதலில் முகர்ந்து பார்ப்பேன். நாலு வருடம் முகர்ந்து பார்த்திருக்கிறேன்.

வக்கீல் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். ஏற்கனவே டைப் அடித்துக் கொண்டுவந்திருந்த காகிதத்தை எடுத்து நிதானமாக வாசித்தார். நீங்கள் இரண்டு பேரும் இன்னார் இன்னார், நெருங்கிப் பழகியவர்கள், எனக்கு அது மன வேதனை. எல்லாம் சரி, தலையாட்டினேன். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டேன். அதற்குள் கடைசி வரியை வாசித்தார். குண்டுகளைச் சோதித்த நாட்களில், அதாவது பன்னிரண்டாம் தேதியிலிருந்து இருபத்தொன்றாம் தேதி வரை, இருவரும் தினமும் சந்தித்துப் பேசி வந்தார்கள்.

நான் பேனாவை மூடினேன். பொய்யைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், தேதி தப்பாகச் சொன்னால் எனக்கு ஆகாது.

"ஐயா, மத்த நாளுக்கு என்ன வேணா எழுதிக்குங்க. அந்தப் பத்து நாளும் இதுங்க ரெண்டும் மூஞ்சிகூடப் பாத்துக்கல" என்றேன்.

உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார். எப்படித் தெரியாமல் போகும்? பன்னிரண்டாம் தேதி டப்பா கழுவாமல் வந்தது. பதிமூன்று, கழுவாமல். பதினாலு ஞாயிற்றுக்கிழமை, அன்றைக்கும் ஆபீஸ், கழுவாமல், பாதிச் சோறு மிச்சம். ஆபீஸ் வேனில் நீ வருவாய் என்று அவர் பஸ்ஸில் போனார். வீட்டில் உன் பேர் நின்றுபோனது. சந்தோஷப்பட வேண்டியவள் நான், முடியவில்லை. சும்மா பழகுகிறவர்கள் சண்டை போட்டால் இரண்டு நாளில் சரியாகிவிடும். இப்படி நாள் கணக்கில் பேசாமல் இருக்க வேண்டுமென்றால் உள்ளே எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டேன்.

பதினாறாம் தேதி பொறுக்க முடியாமல் ஒரு குடையை எடுத்துக்கொண்டு கிளம்பி வந்தேன், அவர் மறந்துவிட்டார் என்று சொல்ல. வானத்தில் ஒரு மேகம் கிடையாது. வாட்ச்மேன் குடையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், வராந்தா பெஞ்சில் உட்காரவைத்தார். வீட்டுக்காரர் குண்டு பார்க்கிற கோடி அறையிலிருந்து வெளியே வந்து, பூட்டி, சாவியைப் பெரிய அதிகாரியிடம் கொடுத்தார். அதிகாரி எதிர் அறையைத் தட்டி உன்னைக் கூப்பிட்டு சாவியை உன்னிடம் கொடுத்தார். நீ வராந்தாவில் நடந்து வருகிறாய். என் வீட்டுக்காரர், ஐம்பது வயது ஆள், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார், வாத்தியார் நிற்கவைத்த பையன் மாதிரி. நீ கடந்து போகிறவரை நின்றார். நீயும் தலையைக் குனிந்துகொண்டுதான் போனாய். நான் குடையைக் கொடுக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இதைச் சொன்னதும் வக்கீலுக்கு வேர்த்துவிட்டது. "அம்மா, எங்களுக்கு வேண்டியதே அந்தப் பத்து நாள்தான்" என்று எரிச்சலில் உளறிவிட்டார். ஒருவர் பார்த்து எழுதுவாராம், காகிதத்தை உறையில் போட்டு ஒட்டுவாராம். இன்னொருவர் அதைத் தெரிந்துகொள்ளாமல் தனியாகப் பார்த்து எழுத வேண்டுமாம். பேசிக்கொண்டிருந்தால் இரண்டு பேர் சாட்சி ஒருவர் சாட்சியாகிவிடுமாம், அறிக்கையே செல்லாதாம்.

முப்பத்தொரு வருடம் கழித்து, பழக்கூடையோடு வந்தவன் சொல்லி நான் தெரிந்துகொள்கிறேன். ஊடல் என்று நான் நினைத்து வெந்தது உங்கள் ஆபீஸ் சட்டம்! அந்த மனுஷன் வீட்டில் ஒரு வார்த்தை சொன்னாரா? "பத்து நாளைக்கு அவகூடப் பேசக் கூடாது, வேலை அப்படி" என்றிருந்தால் நாலு கவளம் நிம்மதியாகத் தின்றிருப்பேனே.

வக்கீல் காகிதத்தை மடித்துக்கொண்டு போய்விட்டார். பழத்தை விட்டுப் போனார். ஆனால் சாட்சிப் பட்டியலில் என் பேரை அவரே முதலில் கொடுத்திருந்தாராம், இனி எடுக்க முடியாதாம். வியாழக்கிழமை கமிஷனில் நிற்க வேண்டும். காய்ச்சல் என்று படுத்துக்கொண்டால் யாரும் தூக்கிப்போகப் போவதில்லை. படுத்துக்கொள்ளலாமா என்றுதான் இருக்கிறது. போனால் டப்பாவை முகர்ந்த கதையை ஊர் முன்னால் சொல்ல வேண்டும். சொன்னால் காப்பாற்றப்படுவது நீ. போகாவிட்டால் கெட்டுப்போவது உன் பேர் மட்டும் என்றால் இந்நேரம் போர்த்திக்கொண்டு படுத்திருப்பேன். அறிக்கையில் உன் பேருக்குப் பக்கத்தில் அவர் கையெழுத்தும் இருக்கிறதே.

இத்தோடு இன்றைக்கு நிறுத்துகிறேன், கை வலிக்கிறது.

வெள்ளிக்கிழமை.

போனேன்.

ஒரு பெரிய அறை, மின்விசிறி சத்தத்தில் பாதி கேட்கவில்லை. பழக்கூடை வக்கீல் என்னைத் தெரியாதவர் மாதிரி எழுந்து நின்றார். புருஷன்மேல் சந்தேகப்பட்டது உண்டா என்றார். உண்டு என்றேன். எத்தனை நாள் என்றார். இன்னும் முடியவில்லை என்றேன். சிரித்தார்கள். டப்பாவைச் சொன்னபோதும் சிரித்தார்கள். பேத்தி பின் வரிசையில் உட்கார்ந்திருந்தாள், அவள் சிரிக்கவில்லை.

நீதிபதி கொஞ்சம் வயசானவர். இவ்வளவு வருடத்துக்கு முந்தைய தேதியெல்லாம் எப்படியம்மா ஞாபகம் இருக்கிறது என்று கேட்டார். "சந்தோஷமா இருந்த நாளுன்னா மறந்திருப்பேன்யா" என்றேன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. அவர் குனிந்து எழுதிக்கொண்டார்.

இருபத்திரண்டாம் தேதியையும் சொன்னேன். அதைத்தான் உனக்குச் சொல்லவேண்டும். அன்றைக்கு மத்தியானம் அதிகாரி முன்னால் இரண்டு உறையையும் பிரித்தார்களாமே. எனக்கு உறையெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது, அன்று சாயந்திரம் டப்பா பளபளவென்று வந்தது, அதே சோப்பு வாசனை. அதை என் கையில் கொடுத்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் நின்று, "அவளும் அதையேதான் பாத்திருக்கா" என்றார். பெரியவன் பிறந்த அன்றைக்கு அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. சின்னவள் பிறந்த அன்றைக்கும் பார்க்கவில்லை. அந்த ஒரு வார்த்தை முள்ளாக ஏறி உட்கார்ந்தது, அவரை எடுத்துக்கொண்டு போன அன்றும் அது இறங்கவில்லை. நேற்று அதை அப்படியே, அவர் குரலிலேயே சொன்னேன். கமிஷனின் வக்கீல் எழுந்து, நீ பார்த்தது என்னவென்று அன்றுவரை அவருக்குத் தெரியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும் என்றார். என் முள்ளைப் பிடுங்கி சாட்சி நம்பர் போட்டு வைத்துக்கொண்டார்கள்.

பழக்கூடைக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அப்ப அவங்களுக்குள்ள ஒண்ணுமே இல்லன்னு சொல்றீங்களா?" என்றார். உனக்காகப் பொய் சொல்லமாட்டேன். "இருந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாது. அந்தப் பத்து நாளு இல்ல. அதுதானே கேட்டீங்க?" என்றேன். உன்னிடமும் அதைக் கேட்கப்போவதில்லை. நீ இல்லை என்றால் நம்பமாட்டேன், ஆமாம் என்றால் தாங்கமாட்டேன்.

அடுத்த மாதம் அந்த மூன்று குண்டையும் வெளியே எடுத்து, கமிஷன் முன்னால் மிஷினில் வைத்துப் பார்க்கப்போகிறார்களாம். அன்று பார்த்த இரண்டு பேரில் ஒருவர் போய்விட்டார், மற்றவர் வந்து பார்த்துச் சொன்னால் நல்லது என்று நீதிபதி சொன்னார். உனக்கும் கடிதம் வரும். தூரம், முழங்கால், மருமகள் என்று சாக்குச் சொல்லாதே, வா.

எனக்கும் அதில் ஒரு காரியம் இருக்கிறது. அவர் ஓய்வு பெற்ற அன்று என்னை அந்தக் கோடி அறைக்குக் கூட்டிப்போனார். நீ ஊர் மாறிப் போய் எட்டு வருடம் ஆகியிருந்தது. ஒரே சீப்பால் வாரினால் ஒரே மாதிரி கோடு விழுவதுபோல ஒரே துப்பாக்கி எல்லாக் குண்டிலும் ஒரே கோட்டைப் போடும், இந்த மிஷினில் இரண்டு குண்டும் பாதி பாதியாக ஒட்டித் தெரியும், கோடு தொடர்ந்து ஓடினால் ஒரு துப்பாக்கி, முறிந்தால் வேறு என்று சொன்னார். "வா, உட்காந்து பாரு" என்றார். உட்காரப் போனேன். "இது அவ உட்கார்ற நாற்காலி" என்றார். அதை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம். கண் வலிக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். பிறகு ஒருநாளும் என்னைக் கூப்பிடவில்லை.

நீ பார்த்து முடித்ததும் எழுந்துகொள். நான் உட்கார்கிறேன். நீதிபதியிடம் கேட்டுவிட்டேன், பார்க்கலாம் என்றார். கோடு எந்த இடத்தில் முறிகிறது என்று நீதான் எனக்குக் காட்ட வேண்டும். சரியாகக் காட்டு.

உன் கண் நன்றாக இருக்கட்டும். புரை விழுந்திருந்தால் வருவதற்கு முன் எடுத்துவிடு. அந்தக் கண்ணைப் பற்றி இத்தனை வருடம் நான் வேறு மாதிரி வேண்டிக்கொண்டிருக்கிறேன், அதையெல்லாம் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

ஓட்டல் தேடாதே, வீட்டில் அவர் அறை சும்மாதான் கிடக்கிறது. கமிஷனுக்குப் போகிற நாளெல்லாம் டப்பா கட்டித் தருகிறேன். சாப்பிட்டுவிட்டு அப்படியே கொண்டு வா. நீ கழுவ வேண்டாம்.

இப்படிக்கு,
டப்பா கட்டிக் கொடுத்தவள்